நூறு மடங்கு பலம் எங்கே போகிறது?

ஆசிரியருக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் காபன் நனோக்குழாய் (கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய காபன் குழாய்) பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். அளம்பில் கரையில் பைபர் படகு திருத்துகிறவன் நான். ‘உருக்கைவிட நூறு மடங்கு பலம், செம்பைவிடச் சிறந்த வெப்பக் கடத்தி, பிளாஸ்டிக்கில் ஒரு சிட்டிகை போதும்’ என்ற வரி நாயாறு, கொக்கிளாய் வரை பேச்சாகிவிட்டது. பின்னாலேயே ஒரு வியாபாரி, இந்தக் குழாய் கலந்தது என்று ‘நனோ றெசின்’ (பைபர் பாயில் ஊற்றி இறுகவிடும் பிசின்) வாளியோடு வந்து இரட்டை விலை சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

கட்டுரை சொன்ன எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை தனிக் குழாய் ஒன்றின் எண்கள். 2000ஆம் ஆண்டில் பல சுவர்க் குழாய்களை (ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் இருப்பவை) ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தபோது 11 முதல் 63 கிகா பாஸ்கல் (குறித்த பரப்பில் எவ்வளவு விசை என்ற அளவு) வரை தாங்கின. சாதாரண உருக்கு அரைக் கிகா பாஸ்கல் அளவில் அறுந்துவிடும். குழாயின் விறைப்பு, அதாவது இழுத்தால் நீளாமல் நிற்கும் தன்மை, ஏறத்தாழ 1000 கிகா பாஸ்கல். எபொக்சி என்ற வகை றெசினுக்கு 3. நூற்றுக்கு ஒரு பங்கு கனவளவில் குழாய் கலந்தால் கணக்குப்படி 13 வரவேண்டும். அதுவும் எல்லாக் குழாயும் ஒரே திசையில் கிடந்து, றெசினை இறுகப் பிடித்துக்கொண்டால் மட்டுமே. கண்டபடி கிடந்தால் கணக்கே 5ஐத் தொடுவதுதான் பெரிய காரியம். ஆய்வுகூடத்தில் கிடைப்பதோ பெரும்பாலும் அதற்கும் கீழே.

காரணம் கலக்கும் இடத்தில் இருக்கிறது. இந்தக் குழாய்கள் ஒன்றையொன்று விடாமல் ஒட்டிக்கொண்டு கட்டிபடும். அந்தக் கட்டியிலிருந்தே வெடிப்பு தொடங்கும். கூடுதலாகப் போட்டாலோ றெசின் தடித்துவிடும். தடித்த றெசின் கண்ணாடியிழைப் பாயில் ஊறாது. நன்றாக ஊறிய பாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்ததுபோல ஆகிவிடும். ஊறாத இடம் உருளையை எத்தனை தரம் ஓட்டினாலும் வெள்ளையாகவே நிற்கும். அந்த வெள்ளை இடத்தில்தான் பின்னர் தண்ணீர் ஏறுகிறது.

வெப்பத்திலும் இதே கதை. வெப்பம் கடத்தும் திறனைத் தனிக் குழாய்க்கு மீற்றர்–கெல்வினுக்கு 3000 வாற்று வரை அளந்திருக்கிறார்கள். செம்பு 400, எபொக்சி வெறும் 0.2. ஆனால் 2002இல் எடையில் 1 சதவீதம் ஒற்றைச் சுவர்க் குழாய் கலந்த எபொக்சியில் கிடைத்தது, அறை வெப்பநிலையில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலான உயர்வு. செம்பின் கிட்டவும் வராது. குழாய்க்குள் அதிர்வாக ஓடும் வெப்பம், குழாயும் றெசினும் சந்திக்கும் எல்லையில் தடைபடுகிறது. அந்த எல்லையை இரசாயனத்தால் இறுக்கிப் பிணைத்தால் குழாயின் சுவர் பழுதடைந்து, அதன் கடத்தும் திறனே குறைகிறது. சித்திரை வெயிலில் தடிப்பாக ஊற்றிய றெசின் உள்ளே சூடேறி வெடிப்பதை இந்த வாளி நிறுத்தும் என்றார் வியாபாரி. றெசினை இறுகவைக்கும் ஊக்கியைக் குறைத்து, மெல்லிய படைகளாக ஊற்றினால் அதுவே நிற்கும், செலவும் இல்லை.

பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மிகச் சிறிய அளவே பிளாஸ்டிக்கை மின் கடத்த வைக்கும். வாகன எரிபொருள் குழாய்களில் நிலைமின் சேராமல் இருக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அது நிரூபணமான வேலை.

கட்டுரை முற்றாக விட்ட ஒன்று, தூசி. பல சுவர்க் குழாய்களில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2014இல் சேர்த்தது. எங்கள் பொடியன்கள் சாரத்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு கிரைண்டர் பிடிக்கிறார்கள். கண்ணாடித் தூசிக்கே அது காணாது.

அடுத்த முறை எந்த றெசினில் எத்தனை சதவீதம் கலந்தார்கள், கலக்காத துண்டு எவ்வளவு தாங்கியது என்ற இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் முன்வந்தால், அந்த வாளியில் இருந்து ஒரு துண்டும் எங்கள் வழமையான றெசினில் இருந்து ஒரு துண்டும் வார்த்துக் கொடுக்க நான் தயார். இழுத்துப் பார்த்து வரும் எண்ணைத் தாங்கள் வெளியிடுங்கள்.

படகு திருத்துநர்,
அளம்பில், முல்லைத்தீவு.