பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

வாட்ஸ்அப்ல ரெண்டு டிக்கும் நீலமாகுது, பதில் மட்டும் வரல, அதான் லெட்டர் மாதிரி டைப் பண்றேன், நிதானமா படி. அம்மா நல்லாருக்கா. பெரியத்தை வீட்டு விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது. மாடி டேங்க் மாத்தியாச்சு. கோவத்தோட கார் எடுக்காத, இத முதல்லயே சொல்லிடுறேன்.

நீ அமெரிக்கால கால்வெஸ்டன் போயி குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் சிலை முன்னால நின்னு அனுப்புன போட்டோவ தினமும் எடுத்துப் பாக்குறேன். சைக்கிள் பார்ல உன்ன உக்கார வெச்சு வியாசர்பாடி ஜிம்முக்கு கூட்டிட்டு போவேனே, வழியெல்லாம் அவரு கதைதான். அவரும் என்ன மாதிரி ஹார்பர்ல வேல பாத்தவர், அப்பா அம்மா ரெண்டு பேருமே அடிமையா இருந்து விடுதலையானவங்க. 1901ல அதே கால்வெஸ்டன்ல ஜோ சொயின்ஸ்கிங்கற குத்துச்சண்டைக்காரர்கிட்ட மூணாவது ரவுண்டுல விழுந்தார், அந்த சண்டையே சட்டப்படி தப்புன்னு ரெண்டு பேரையும் ஜெயில்ல போட, உள்ளயே சொயின்ஸ்கிகிட்ட வித்தைய கத்துக்கிட்டு வந்தார். அடிச்சவர்கிட்டயே டியூஷனாப்பான்னு கேப்ப, ஞாபகம் இருக்கா?

அப்ப உலக சாம்பியனா இருந்த டாமி பர்ன்ஸ நாடு நாடா துரத்திப் போயி 1908 டிசம்பர் 26ல சிட்னில வெச்சு அடிச்சார். உலக ஹெவிவெயிட் பட்டத்த வாங்குன முதல் கருப்பர். 14வது ரவுண்டுல போலீஸ் உள்ள பூந்து நிறுத்துச்சு, வெள்ளக்காரன் விழுறது படத்துல வந்துடக்கூடாதுன்னு கேமராவயும் நிறுத்துனாங்க. 1910 ஜூலை 4ல அமெரிக்கால ரீனோல, பழைய வெள்ளக்கார சாம்பியன் ஜெஃப்ரீஸ 15வது ரவுண்டுல சாச்சதுக்கு, நாடு முழுக்க கருப்பு ஜனங்கள தேடித்தேடி அடிச்சாங்க, உயிரே போச்சு பல பேருக்கு.

ஒரு விஷயம் மட்டும் உனக்கு நான் சொன்னதே இல்ல. 1912ல லூசில் கேமரன்னு ஒரு வெள்ளக்கார பொண்ணு அவரோட பழகுது, அவங்கம்மா போலீஸ்ல போயி என் பொண்ண கடத்திட்டான்னு புகார் குடுத்தா. பொண்ணு அவருக்கு எதிரா சாட்சி சொல்லவே மாட்டேன்னுட்டு டிசம்பர்ல அவரையே கட்டிக்கிச்சு. அப்புறம் வேற ஒரு பொண்ண சாட்சியாக்கி, ஜூரில ஒரு கருப்பர்கூட இல்லாம, ஒரு வருஷமும் ஒரு நாளும் ஜெயில்னு 1913ல தீர்ப்பு. நாட்டவிட்டே ஓடிட்டார், 1920லதான் திரும்புனார், நடுவுல ஜான்சனோட அம்மா போய் சேந்துட்டாங்க, முகத்தக்கூட பாக்க முடியல.

நம்ம தெருவுல மொத மொத ப்ளேன் ஏறுன பொண்ணு நீ, பெருமைதான். ஆனா அஞ்சு மாசமா ஒரு வார்த்த இல்லையே, அம்மாகிட்டயாவது பேசக் கூடாதா, அவ என்ன பண்ணா?

அன்னிக்கு வீடியோ கால்ல, "அப்பா, இவர்கிட்ட பேசு"ன்னு போன நீ திருப்புனப்ப கட்டாச்சே, அது நெட் போனதால இல்ல. நான்தான் அமுக்குனேன். அவர் சிரிச்சுக்கிட்டே கைய தூக்குனார், நான் கலர மட்டும்தான் பாத்தேன். அப்புறம் அம்மாகிட்ட சொன்ன வார்த்த உன் காதுக்கு வந்துடுச்சுன்னு தெரியும், அத இங்க எழுத என் கை வரல. சிட்னில கேமராவ நிறுத்துனத நூறு தடவ உனக்கு சொன்னவன் நான். என் நிறம் என்ன, ஹார்பர்ல என்ன எப்படி கூப்புடுவாங்க, நீயே கேட்டுட்டு வந்து அழுதிருக்க. எல்லாம் தெரிஞ்சும் அந்த லூசில் அம்மா மாதிரியே நடந்துக்கிட்டேன். தப்பு என்மேலதான் பாப்பா.

ஜான்சனுக்கு அரசாங்கம் மன்னிப்பு குடுத்தது 2018ல, செத்து 72 வருஷம் கழிச்சு. சாவும் எப்படி, 1946 ஜூன்ல நார்த் கரோலினால ஒரு ஓட்டல்ல பின்பக்கமா உக்காந்து சாப்புடுன்னு சொல்ல, கோவத்துல வேகமா வண்டிய எடுத்தவர் கம்பத்துல மோதிட்டார். அன்னிக்கு நான் கட் பண்ணப்ப நீயும் கார்லதான் இருந்த. ராத்திரி அது நெனப்பு வந்தா தூக்கம் போயிடுது. மெதுவா ஓட்டுமா.

அந்த சிலை போட்டோவுல உன் தோள்மேல ஒரு கை இருக்கு, கருப்பு பட்ட வாட்ச், மிச்சத்த நீ வெட்டிட்ட. எனக்காகத்தான் வெட்டியிருக்க. அவர் பேரு என்னன்னுகூட நான் கேக்கல. அவங்கம்மா இருக்காங்களா, நல்லாருக்காங்களா?

வெட்டாத போட்டோவ அனுப்பு.

அப்பா