இடது பக்கத்து நாடா

அண்ணா,

பெரியவன் அனுப்பிய போட்டோவை நாலைந்து முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். கூடத்தில் தறிக்குழி, நீ காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் குழி, இருந்த இடத்தில் புது சிமென்ட். ஓரத்தில் ஈரம் காயவில்லை, பூனை நடந்த தடம் பதிந்திருக்கிறது. கீழே ஒரே வரி: "அப்பா குழியை மூடிட்டார் அத்தை."

ஏன் மூடினாய் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கோபமா அழுகையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போன் செய்தால் "சரி, வேற என்ன, வைக்கட்டுமா" என்பாய். அதனால் எழுதுகிறேன். நம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து ஆட்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். சில பெயர்களை எழுதப் போவதில்லை. அவை யாருடையவை என்று உனக்குத் தெரியும், அது போதும்.

2007 ஆவணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரியைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தறியில் மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, தாழம்பூ ரேக்கு வேலைப்பாடு. முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கோர்வைப் புடவை. இன்னும் ஒன்றரை முழம் பாக்கி. கோர்வை என்றால் என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை: உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்றால் மூன்று நாடா, அதாவது குறுக்கு நூலை ஏந்தி ஓடும் கட்டை, ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவர், இடது கரை நாடாவைத் தள்ளி உடல் நூலோடு கோத்துக் கொடுக்க இன்னொருவர். ஒரு கை போதாது. பதினோரு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அந்த இன்னொருவர் நான்.

நீ நெய்யும்போது ஒவ்வொரு இழைக்கும் தொண்டைக்குள் "ம்" என்று ஒரு சத்தம் வரும். அது உனக்கே தெரியுமோ என்னவோ. நான் அதை வைத்துத்தான் நாடாவைத் தள்ளுவேன். நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பார்த்துக்கூட இல்லை, அந்த "ம்"மைக் கேட்டு. அன்று ராத்திரி நீ அந்தச் சத்தமே போடவில்லை. காலையில் எனக்குக் கம்பெனி பஸ், முதல் நாள் வேலை. மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை. பத்து மணிக்குக் கரண்ட் போனது, சார்ஜ் லைட்டைத் தூக்கி ஆணியில் மாட்டினாய். நான் தடுமாறித் தப்பான நேரத்தில் தள்ளினேன், கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசகிவிட்டது. திட்டுவாய் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து நாலு வரிசையைப் பிரித்தாய். உன் விரல் நகத்தில் அரக்குச் சாயம் ஏறியிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நாலு மணிக்கு நான் எழுந்தபோது இன்னும் அரை முழம் இருந்தது. நாடாவை அப்படியே பாவின் மேல் வைத்துவிட்டு எழுந்தேன். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

"நாடாவை எடுத்து வச்சிட்டுப் போ பாப்பா. நூல் அறுந்துடும்."

பதினெட்டு வருஷமாக இந்த வரியைச் சுமக்கிறேன். நீ சாபம் கொடுத்தாய் என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். "உன்னால் என் பிழைப்பு அறுகிறது" என்று சொல்லாமல் சொன்னாய் என்று. நூல் அறுந்துவிடும் என்பதை மட்டும்தான் சொன்னாயோ என்று இப்போது தோன்றுகிறது. பாப்பா என்று கூப்பிட்டாய் என்பதே எனக்குப் போன வாரம்தான் ஞாபகம் வந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்டால் நான் போனது தப்பு என்றாகிவிடும். அது தப்பில்லை அண்ணா. நம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். ஊரே பேசியது. நம் வீட்டுக் கூலி அதனால் ஏறவில்லை. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்பா காலத்திலிருந்து நம் தலையில் இருந்தது. (அதைப் பற்றி இங்கே இதற்கு மேல் வேண்டாம்.) என் முதல் மாதச் சம்பளம் 4,200 ரூபாய். அதில் எவ்வளவு எங்கே போனது என்று உனக்குத் தெரியும்.

பயம் இல்லாமல் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனால் அந்தப் பஸ்ஸில் ஏறியதும் எனக்கு வாந்தி வந்தது. மணிக்கட்டில் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு ஒயரை மேஜையில் மாட்டி உட்காரவைத்தார்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுத்துவிடுமாம். சாலிடர் செய்த போர்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நகக்கண்ணைவிடச் சின்ன சில்லுகள், ஒன்று விடுபட்டிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும். மற்ற பெண்களுக்கு ஒரு வாரம் ஆனது, எனக்கு முதல் நாளே கண் நின்றது. பாவில் அறுந்த ஒற்றை இழையைத் தேடிப் பழகிய கண். "எங்கே கற்றாய்" என்று சூப்பர்வைசர் கேட்டார். "எங்க அண்ணனிடம்" என்றேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அடுத்த வாரம் லீவில் வந்தபோது என் இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் புரை, குனிந்து மூக்கு பாவில் படுகிற மாதிரி. எனக்குக் காட்டத்தான் உட்காரவைத்தாய் என்று நினைத்தேன், இன்னும் முழுசாக அந்த நினைப்பு போகவில்லை. கூலிக்கு ஒரு பையனை வைத்திருக்கலாம். பிறகு வைத்தாய், அவனும் செய்யாற்றுப் பக்கம் செருப்புக் கம்பெனிக்குப் போய்விட்டான். அதன்பின் கோர்வையையே விட்டுவிட்டாய். பத்து வயதில் கற்ற வேலையில் பாதியை நீ மறக்க வேண்டியதானது என்னால்தான். சொல்லிவிட்டேன்.

ஆனால் என் கல்யாணத்துக்கு நீ வரவில்லையே. வரக்கூடாது என்று உன்னைத் தடுத்தது யார் என்று இங்கே எழுதவில்லை. ஆனாலும் முப்பது வயது ஆம்பளை, வர வேண்டும் என்றால் வந்திருக்கலாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் அண்ணி மட்டும் வந்து ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே நீ நெய்த புடவை. ஊதா, கரையும் ஊதா. இவளுக்குக் கோர்வை எதற்கு என்று நினைத்திருக்கிறான் என்று அன்று ராத்திரி அதைப் பிரிக்காமலே பெட்டியில் போட்டேன். கோர்வை நெய்ய உன் இடது பக்கத்தில் ஆளே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கே உறைக்கவில்லை, பார்.

ஆட்குறைப்பு வந்து வேலை போனபோது மூன்று மாதம் வந்து உன்னோடு இருந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தறியின் இடது பக்கம் பலகையைத் துடைத்துவைத்திருந்தாய். என் கை மறந்திருந்தது, நாடா இரண்டு முறை கீழே விழுந்தது, நீ எடுத்துக் கொடுத்தாய். அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்தது. தனியாக ரூம் எடுத்தேன், ஸ்கூட்டி ஓட்டக் கற்றேன், மீட்டிங்கில் எழுந்து நின்று தப்பும் தவறுமாக இங்கிலீஷில் பேசினேன். இப்போது நாற்பது பேர் என் லைனில். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்கிறார்கள்.

அது தைரியம் இல்லை அண்ணா. ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும்போது நான் எனக்குள் சொல்லிக்கொண்டது ஒன்றுதான்: சரியாக வராவிட்டால் வீட்டுக்குப் போய் அண்ணனுக்கு நாடா தள்ளலாம். 2015 மழையில் குழியில் தண்ணீர் ஊறி நீ வாளியால் மொண்டு ஊற்றினாய் என்று கேட்டபோதும், கொரோனாவில் கல்யாணங்கள் நின்று தறி சும்மா கிடந்தபோதும், எப்படியாவது நெய்துவிடு என்றுதான் வேண்டிக்கொண்டேன். உனக்காக வேண்டினேன் என்று அப்போது நம்பினேன். நீ அந்தக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்ததால்தான் நான் வெளியே நடக்க முடிந்தது. முழங்கால் வலி உனக்கு, பதவி உயர்வு எனக்கு.

இப்போது நீ எழுந்துவிட்டாய். நாற்பத்தாறு வயதில், யாரிடமும் சொல்லாமல், விடியற்காலையில் போய் வேன் ஓட்டக் கற்றிருக்கிறாய். லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தவறி மூன்றாம் முறை பாஸானாய் என்று அண்ணி சொன்னாள். கிளட்சை மிதிக்கும்போது தறி மிதியென்று நினைத்துக் கால் தானாகப் போகிறதாம். ஒரகடத்துக்கு ஷிப்டு பெண்களை ஏற்றிப்போகும் வேன், திங்கட்கிழமை முதல் நாள். கேட்டதும் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "தறி இல்லாமல் நீ என்ன அண்ணன்" என்றுதான் முதலில் மனசில் வந்தது. அவ்வளவு கேவலமான நினைப்பு. நான் இறங்கிப் போகலாம், நீ போகக்கூடாது. என் பின்னால் நீ இருந்தாய். உன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதன் பிறகுதான் யோசித்தேன்.

பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவாய். அதனால் வேறு ஒன்று. முதல் மூன்று மாதம் வேன்காரர் சம்பளத்தை இழுத்தடித்தாலோ, உனக்குப் பிடிக்காமல் போனாலோ, சாவியைக் கொடுத்துவிட்டு வா. பெரியவன் பீஸ் என் பொறுப்பு. இதை எல்லோரும் பார்க்கத்தான் எழுதுகிறேன், நாளைக்கு நீ மறுக்கக் கூடாது.

நாலே முக்காலுக்கு முக்கில் நிற்கும் பெண்களில் யாராவது வாந்தி எடுத்தால் ஹாரன் அடிக்காதே. கொஞ்சம் நிறுத்து.

சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வேலூர் வழியாக வருகிறேன், ஞாயிறு முழுக்க இருப்பேன். அந்த ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறேன். தறி மரத்தை விற்றாயிற்று, அச்சை யாரோ வாங்கிப் போனார்கள் என்று பெரியவன் சொன்னான். இடது பக்கத்து நாடா சாமி மாடத்தில் இருக்கிறதாமே. அதை யாருக்கும் கொடுத்துவிடாதே.

பாப்பா