உச்சந்தலைப் புடைப்புக்கு என்ன பெயர் எழுதுகிறோம்? சக மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோய் சொல்லும் நோய்க்குறியியல் துறையில் இருக்கும் நண்பர்களுக்கும், எங்களுக்குத் திசு அனுப்பும் தோல், குழந்தைநலம், அறுவை சிகிச்சை மருத்துவர்களுக்கும் வணக்கம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தையின் உச்சந்தலையிலிருந்து எடுத்த சின்னத் திசு என் மேஜைக்கு வந்தது. கூட வந்த படிவத்தில் 'தலையில் கட்டி, நீர்க்கட்டியா?' என்று மட்டும் இருந்தது. ஸ்லைடைப் பார்த்து, நான் படித்தபடியே பெயர் வைத்தேன்: 'தோல் மெனிஞ்சியோமா, முதல் வகை'. மெனிஞ்சியோமா என்றால் மூளை உறைச் செல்களின் கட்டி. மூன்று நாள் கழித்துக் குழந்தையின் அப்பா அந்த ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். அந்த வார்த்தையை போனில் தேடியிருக்கிறார். வந்ததெல்லாம் மூளைக்கட்டிப் படங்கள். "மூளையில இருந்து தோலுக்குப் பரவிடுச்சா டாக்டர்?" என்று கேட்டார். அவர் கையில் அந்தத் தாள் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றும் பரவவில்லை, எதுவும் பரவப் போவதுமில்லை என்று அவருக்குப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வைத்த பெயர் வேறாக இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரமே தேவைப்பட்டிருக்காது. அதனால்தான் இந்த மடல்.

விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். கருத்தரித்த 28 நாளுக்குள், பிறகு மூளையும் தண்டுவடமும் ஆகும் நரம்புக் குழல் மூடிக்கொள்ள வேண்டும். அந்த மூடலும், அதன்மேல் தோலும் எலும்பும் பிரிந்து அமைவதும் ஓரிடத்தில் பிசகினால், மூளை உறை அந்த வழியாக வெளியே பிதுங்கி, மூளை தண்டுவடத் திரவத்தோடு ஒரு பையாக நிற்கும். அது மெனிங்கோசீல். சில குழந்தைகளுக்குப் பிதுங்கிய உறைக்குக் கீழே எலும்பு பிறகு வளர்ந்து வழியை அடைத்துவிடும். பை சுருங்கிவிடும், திரவம் இருக்காது. தோலுக்கு அடியில் உறையின் செல்கள் மட்டும் தங்கிவிடும். சிலருக்கு அங்கிருந்து உள்ளே ஒரு மெல்லிய நார்த்தண்டு போகும், சிலருக்கு அதுவும் இருக்காது. இந்த மிச்சத்தைத்தான் எச்ச மெனிங்கோசீல் என்கிறோம். தோலின் 'முதல் வகை மெனிஞ்சியோமா' என்று நாம் எழுதிவந்ததில் பெரும்பகுதி இதுதான் என்பது என் முடிவு.

குழப்பம் வந்ததற்கும் காரணம் உண்டு. தோலில் இப்படியொரு திசுவை விங்க்லர் என்பவர் 1904-லேயே விவரித்துவிட்டார். மெனிஞ்சியோமா என்ற சொல்லை மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1922-இல்தான் கொடுத்தார். 1974-இல் லோபஸ், சில்வர்ஸ், ஹெல்விக் மூவரும் தோலில் கண்டவற்றை மூன்றாகப் பிரித்தார்கள். பிறவியிலேயே உச்சந்தலை, நெற்றி, முதுகெலும்பை ஒட்டிய இடங்களில் இருப்பது முதல் வகை. பெரியவர்களுக்குக் கண், காது, மூக்கைச் சுற்றி, நரம்புகளின் வழியை ஒட்டி வருவது இரண்டாம் வகை. மண்டைக்குள் இருக்கும் மெனிஞ்சியோமா எலும்பைத் தாண்டியோ, பழைய அறுவையின் வழியாகவோ தோலுக்கு வருவது மூன்றாம் வகை. நல்ல பிரிவினைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1989-இல் சிப்லியும் கூப்பரும் முதல் வகையை எச்ச மெனிங்கோசீல் என்று பார்ப்பதே பொருத்தம் என்று எழுதினார்கள். அப்புறமும் பல ரிப்போர்ட்டுகளில் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன்.

ஸ்லைடில் என்ன இருந்தது என்பதைச் சொல்கிறேன். தோலின் அடிப்பகுதியில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் தடித்த கற்றைகள். அவற்றுக்கு நடுவே கோணல்மாணலாகக் கீறிவிட்டதுபோல் வெளிகள். அந்த வெளிகளின் ஓரம் தட்டையான செல்கள் படிந்திருந்தன. சில இடங்களில் அதே செல்கள் ஒரு கொலாஜன் இழையைச் சுற்றி அணைத்துக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் சுண்ணாம்பு படிந்து, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் வளையம் வளையமாக இருந்த சம்மோமா மணிகள். அவசரத்தில் பார்ப்பவருக்கு அந்த வெளிகள் ரத்தக்குழாய் போலவே தெரியும். ஆன்ஜியோசார்கோமா என்ற பயங்கரமான ரத்தக்குழாய்ப் புற்றுநோயின் பெயரை எழுதவே கை போய்விடும். சஸ்டரும் ரோசாயும் 1990-இல் இதைக் குறிப்பிட்டே எச்சரித்தார்கள். செல்லின் வகையைக் காட்டும் சாயச் சோதனைகள் இங்கே உதவும்: இ.எம்.ஏ. சாயம் ஏற்று, ரத்தக்குழாய்ச் செல்லைக் காட்டும் சி.டி.31-ஐ ஏற்காமல் இருந்தால் அது ரத்தக்குழாய்ச் செல் அல்ல, மூளை உறைச் செல் என்று தெரிந்துவிடும்.

சில நண்பர்கள் கேட்பார்கள்: இரண்டும் மூளை உறையின் நடு அடுக்கான அரக்னாய்டின் செல்கள்தானே, பெயரில் என்ன இருக்கிறது? செல் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெனிஞ்சியோமா என்றால் அந்தச் செல் தானாகப் பெருகி ஒரு கட்டியாகிறது என்று பொருள். இங்கே அது பெருகவில்லை, இருக்கக் கூடாத இடத்தில் தங்கிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். முதல் வகையிலும் செல்கள் திட்டுத் திட்டாக அடர்ந்து, அசல் மெனிஞ்சியோமா போலவே தெரிகிறவை உண்டு என்பது உண்மை. அங்கே கோடு அவ்வளவு தெளிவாக விழாது. அப்படியிருந்தும் பிறவியிலேயே, தலையின் நடுக்கோட்டில் இருந்தது என்றால் நான் இப்போது மெனிங்கோசீல் பக்கம்தான் நிற்கிறேன்.

பெயர் மாறினால் அடுத்த மருத்துவர் செய்வதும் மாறும். 'மெனிஞ்சியோமா' என்றால் அவர் மூளைக்குள் கட்டி தேடுவார். 'எச்ச மெனிங்கோசீல்' என்றால் எலும்பில் துளை இருக்கிறதா, உள்ளே தண்டு போகிறதா என்று தேடுவார். இந்தக் குழந்தைக்குத் தேட வேண்டியது இரண்டாவதைத்தான்.

கத்தி வைப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான வேண்டுகோள் ஒன்று. நீர்க்கட்டி என்று நினைத்து, மரப்பு ஊசி போட்டு, ஸ்கேன் எதுவும் இல்லாமல் வெட்டிய திசுதான் அன்று எனக்கு வந்தது. உள்ளே தொடர்பு இருந்திருந்தால் திரவம் கசிந்திருக்கலாம், மூளை உறை அழற்சி வந்திருக்கலாம். அப்படி ஆகாதது நம் எல்லோருடைய நல்ல காலம். பிறந்ததிலிருந்தே நடுக்கோட்டில் இருக்கும் எந்தப் புடைப்பையும் எம்.ஆர்.ஐ. பார்க்காமல் தொட வேண்டாம், பயாப்சியும் வேண்டாம். சின்ன வழுக்கைத் திட்டு, அதைச் சுற்றிக் காலர் வைத்தாற்போல் மற்ற முடியைவிடக் கருத்த, நீளமான, கரடான முடி இருந்தால் இன்னும் கவனம். பக்கத்தில் சிவப்பு மச்சம் போன்ற கறையும் சேர்ந்திருந்தால் சந்தேகம் மேலும் வலுக்கும். குழந்தை அழும்போது புடைப்பு பெரிதாகவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். மெல்லிய தண்டு அப்படியெல்லாம் காட்டிக்கொடுக்காது.

படிவத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: பிறந்ததிலிருந்து இருக்கிறதா, சரியாக எந்த இடம், ஸ்கேனில் என்ன தெரிந்தது. அது இல்லாமல் வருகிற திசுவைப் பார்த்துக்கொண்டு நாங்கள் பாதி இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். நானும் அன்று ஒரு போன் செய்து கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது நான் எழுதுவது இப்படி: 'எச்ச மெனிங்கோசீல். முன்பு முதல் வகைத் தோல் மெனிஞ்சியோமா எனப்பட்டது. பிறவிக் குறை, புற்றுநோய் அல்ல. மண்டைக்குள் தொடர்பு உண்டா என ஸ்கேனில் உறுதி செய்யவும்.' நான்கு வரிதான். வீட்டில் இருப்பவர் தேடிப் பார்த்தாலும் முதலில் மூளைக்கட்டிப் படம் வந்து நிற்காது.

சக நோய்க்குறியியல் மருத்துவர்களே, உங்கள் அலமாரியிலும் பழைய ஸ்லைடுகள் இருக்கும். 'மெனிஞ்சியோமா, முதல் வகை' என்று எழுதியவற்றை ஒருமுறை வெளியே எடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் திருத்திய ரிப்போர்ட் அனுப்புங்கள், அந்தக் குடும்பத்தின் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நான் என் பங்குக்கு அந்த அப்பாவுக்குப் புது ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். பழைய தாளை அவர் என்னிடமே திருப்பித் தந்துவிட்டுப் போனார்.

அன்புடன்,
உங்களில் ஒரு நோய்க்குறியியல் மருத்துவர்