படிவத்தில இருந்து தொடங்கு

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சுது. இஞ்ச காலபோகப் பயிர் குடலையில நிக்குது, இரணைமடுவும் நிரம்பிக்கொண்டு வருது. மற்றதெல்லாம் பழையபடிதான்.

ஏ.எல். (உயர்தர) பிள்ளையளுக்கு அமெரிக்காவின்ர 442ஆவது படைப்பிரிவை, ரெண்டாம் உலகப்போரில ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர் சண்டை பிடிச்ச படையை, எப்படிப் படிப்பிக்கிறதெண்டு கேட்டிருந்தாய். வீரக்கதையில தொடங்காதை. 1942 பெப்ரவரியில சனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் ஆணையில கையெழுத்து வைச்சார். அதால அமெரிக்காவின்ர மேற்குக் கரையோரத்தில இருந்த ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளிச் சனம் முகாமுக்குள்ள அடைபட்டுது. மூண்டில ரெண்டு பங்கு அங்கேயே பிறந்த பிரசையள். அவங்களில இளைஞரை எதிரிநாட்டார் மாதிரி 4-சி வகைக்குள்ள போட்டு, ஆள்சேர்ப்பையும் மறிச்சாங்கள். 1943இல ஆள் தேவைப்பட்டோடன அதே முகாமுக்குள்ள படிவத்தோட வந்தாங்கள்.

அதில 27ஆம் கேள்வி, அனுப்புற இடமெல்லாம் சண்டைக்குப் போவியோ எண்டது. 28, அமெரிக்காவுக்கு முழு விசுவாசம் சொல்லி ஜப்பானியச் சக்கரவர்த்தியின்ர விசுவாசத்தைக் கைவிடுறியோ எண்டது. சிக்கல் இதிலதான். ஜப்பானில இருந்து வந்த பெற்றோருக்கு அமெரிக்கக் குடியுரிமை எடுக்கச் சட்டம் விடேல்லை. 'ஓம்' எண்டால் நாடில்லாத ஆக்கள். பிள்ளையள் 'ஓம்' எண்டால், முந்தி அந்த விசுவாசம் இருந்ததெண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. பெற்றோருக்கான கேள்வியைப் பிறகு மாத்தினாங்கள், ஆனால் குழப்பம் அதுக்குள்ள முத்திப்போச்சு. ரெண்டுக்கும் 'இல்லை' எண்டவங்களை டூலி லேக் முகாமுக்கு ஏத்தினாங்கள். கம்பிவேலிக்குள்ள இருந்து படிவம் நிரப்புறதெண்டால் என்னவெண்டு வன்னிப் பிள்ளையளுக்கு நீ விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விளைவைப் பார். ஹவாயில 1,500 பேரைக் கேட்க, கிட்டத்தட்ட 10,000 பேர் வந்தினம். அமெரிக்கப் பெருநிலத்தில 3,000 கேட்டதுக்கு 1,200 அளவில்தான். ஹவாயில மூண்டிலொரு பங்குக்கு மேல ஜப்பானிய வம்சாவளிச் சனம். எல்லாரையும் அடைச்சால் தோட்டமும் துறைமுகமும் நிண்டுபோகும் எண்டு விட்டுவைச்சவங்கள். இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் கரும்பலகையில எழுது.

442 தனிப் படை, அதிகாரியள் பெரும்பாலும் வெள்ளைக்காரர். 1944 ஒக்டோபரில பிரான்சின்ர வோஜ் காட்டுக்குள்ள சுத்திவளைக்கப்பட்ட டெக்சஸ் படையாளர் 211 பேரை மீட்டாங்கள். அதுக்கு 800 பேரளவில செத்தும் காயப்பட்டும் போனதெண்டு சொல்லுறவை. போர் முடிஞ்ச கையோட அதியுயர் பதக்கம் ஒருத்தருக்குத்தான், சாடாவோ முனெமோரிக்கு, அதுவும் செத்தாப்பிறகு. மிச்சம் 20 பேருக்கு முந்திக் குடுத்த பதக்கத்தை 2000ஆம் ஆண்டில்தான் அதுக்குத் தரமுயர்த்தினாங்கள்.

மறுத்தவங்களையும் விட்டுடாதை. 1944இல கட்டாய ஆள்சேர்ப்பு திரும்ப வந்தபோது, முதலில குடும்பத்தை வெளியில விடு, பிறகு வாறம் எண்டு ஹார்ட் மவுண்டன் முகாமில 63 பேர் நிண்டு சிறைக்குப் போனாங்கள். 1947இல சனாதிபதி ட்ரூமன் மன்னிப்புக் குடுத்தார். பதக்கக்காரரும் இவங்களும் ஊரில கனகாலம் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பிள்ளையள் கேள்வி கேட்கிறது அதிலதான் இருக்கும், பார்.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி