செயலாளர் ஆண்டறிக்கை: கட்டிக் கிடக்கும் படகும் அதன் பேட்டரியும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். படகுத்துறையில் வழக்கமான பராமரிப்பு வேலைகள் முடிந்தன. இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது படகு பேட்டரியை நிறைவாக வைத்திருக்க உதவும் சிறிய சோலார் பேனல்களைப் பற்றித்தான் என்பதால் மீதி அறிக்கை முழுவதும் அதைப் பற்றியே.

நம் படகுகள் ஓடும் நாட்களைவிடக் கட்டிக் கிடக்கும் நாட்களே அதிகம். பேட்டரி கெடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். சாதாரண ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலே மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் சார்ஜை இழக்கும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக இறங்கும். அலாரமும் ரேடியோவும் இழுப்பது தனிக் கணக்கு. சார்ஜ் குறைந்த நிலையிலேயே நாள்கணக்கில் விட்டுவிட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு முழுதாகத் திரும்பாது.

10 வாட் பேனல் நல்ல வெயிலில் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் தரும். நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயில் கிடைத்தால் 2 ஆம்பியர்-மணிக்குக் கொஞ்சம் கூடுதல் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஒரு ஆம்பியர்-மணி). 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு மாதத்தில் தானாக இழப்பதை இரண்டு மூன்று நாள் வெயிலே ஈடுகட்டிவிடும். ஆனால் பாதி காலியான பேட்டரியை அதே பேனல் நிரப்ப மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். ஃபிரிட்ஜ் ஓட்டுவதற்கு இந்தப் பேனலை நம்ப வேண்டாம். நிறைந்த பேட்டரியை நிறைவாகவே வைத்திருப்பதுதான் இதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது.

சிறிய பேனலுக்கு சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரிக்கு அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் தடுக்கும் கருவி) எதற்கு என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பேனலின் ஆம்பியர் பேட்டரிக் கொள்ளளவில் நூறில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஆபத்து குறைவு. இருந்தாலும் 12 வோல்ட் பேனல் என்று விற்பது திறந்த நிலையில் 21 வோல்ட் வரை காட்டும். யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டால் பேட்டரியில் தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். அதனால் எல்லாப் படகிலும் கன்ட்ரோலர் இருக்க வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. இந்த அளவுக்கு, மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பிக் கட்டுப்படுத்தும் சாதாரண பிடபிள்யூஎம் வகையே போதும். முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணையுங்கள். இரவில் மின்சாரம் பேனல் வழியே திரும்பி ஒழுகுவதையும் கன்ட்ரோலரே தடுத்துவிடும்.

ஃபியூஸ் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பேனல் தருவது அரை ஆம்பியர், அதனால் தீப்பிடிக்காது என்று நினைக்கக் கூடாது. வயர் உரசி ஷார்ட் ஆனால் பாய்வது பேட்டரியின் மின்சாரம். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், பேனல் பக்கம் இருந்து பயனில்லை.

பேனலின் செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டவை. பாய்மரத்தின் நிழலோ பறவை எச்சமோ ஒரு செல்லை மறைத்தாலே மொத்த உற்பத்தியும் படுத்துவிடும். உப்புப் படிவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கரை மின்சாரத்தில் எப்போதும் சார்ஜரை மாட்டி வைப்பதைவிட இது மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரையின் எர்த் வயர் வழியே பக்கத்துப் படகுகளோடு இணைப்பு ஏற்பட்டு, மற்ற உலோகங்களுக்குப் பதிலாக அரிக்கப்படுவதற்கென்றே பொருத்தும் நம் துத்தநாகக் கட்டிகளும், புரொப்பெல்லரும் அரிக்கப்படலாம். பேனலில் அந்தத் தொல்லை இல்லை.

பேனல் இருக்கிறதே என்று பில்ஜ் பம்பை (படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) மறந்துவிடாதீர்கள். படகில் தண்ணீர் கசிந்து பம்ப் அடிக்கடி ஓடினால் எந்தச் சின்னப் பேனலும் தாக்குப்பிடிக்காது. கசிவை அடைப்பதுதான் வழி. லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதற்குரிய அமைப்புள்ள கன்ட்ரோலரையே வாங்க வேண்டும்.

வரும் ஆண்டில் சங்கத்துக்குப் பொதுவாக, பேட்டரியின் வோல்ட்டை அளக்க மல்டிமீட்டர் ஒன்று வாங்க அனுமதி கேட்கிறேன். பேனலைக் கழற்றி, சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் ஈய-அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நல்லது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, உடனே சார்ஜரில் போடுங்கள். வயர் இழுக்கவும் ஃபியூஸ் மாட்டவும் கைகொடுத்த உறுப்பினர்களுக்கு நன்றி. அறிக்கையை ஏற்குமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்