சிரட்டைக் கரியும் உன் கிணறும்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து நாலு மாதம். பதில் போடாமல் விட்டது பெரிய பிழை, கோபிக்காதே. இங்கே எல்லோரும் சுகம். ராசண்ணைக்கு முழங்கால் நோ குறைந்ததா?

இப்போது அவசரமாக எழுதுவது உன் வடிகட்டியைப் பற்றி. கிணற்றில் நைத்திரேற்று (உரத்திலிருந்து தண்ணீரில் கலக்கும் உப்பு) கூடிவிட்டது, சிரட்டைக் கரியை நைத்திரிக் அமிலத்தில் அவித்துப் போட்டால் எல்லாவற்றையும் இழுத்துவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். மச்சான், அதை மட்டும் செய்யாதே.

இதே வேலையைத்தான் ஆய்வுகூடத்தில் மூன்று மாதமாகச் செய்கிறேன். உயிர்ப்பூட்டிய கரியை, அதாவது நுண்துளைகள் நிறைய உண்டாக்கிய கரியை, அந்த அமிலத்தில் சூடாக்கினால் கபில நிற நச்சுப் புகை எழும்பும். எடுத்துப் பார்த்தால் கரி அதே கறுப்புத்தான். ஆனால் கரிப் படைகளின் ஓரமெல்லாம் ஒட்சிசன் ஏறி, காபொட்சில் கூட்டங்கள் என்ற அமிலத்தன்மையுள்ள அணுக்கூட்டங்கள் முளைத்திருக்கும். தண்ணீரில் அவை ஐதரசனை விட்டுவிட்டு மறையேற்றத்தோடு நிற்கும். ஈயம், கட்மியம் போன்ற நேரேற்ற அயன்களுக்கு அது நல்ல பிடி. போன கிழமை இரண்டு குடுவைகளில் சாயம் விட்டுப் பார்த்தேன். நேரேற்றச் சாயமான மெதிலீன் நீலம் முழுக்கத் தெளிந்துவிட்டது. மறையேற்றச் சாயமான மெதயில் செம்மஞ்சள் மறுநாளும் செம்மஞ்சளாகவே நின்றது. அமிலம் படாத கரியோ அதை நன்றாக எடுத்தது. நைத்திரேற்றும் மறையேற்றம்தானே, எப்படி ஒட்டும்?

இன்னொன்று, நுண்துளைக்குள் போன அமிலம் லேசில் வெளியே வராது. காய்ச்சி வடித்த நீரால் நாலு நாள் கழுவியும் அமிலத்தைக் காட்டும் பாசிச்சாயத்தாள் சிவந்துகொண்டே இருந்தது. அப்படித் தங்கும் நைத்திரிக் அமிலமே உன் தண்ணீரில் நைத்திரேற்றாகிவிடும். ஐதரோகுளோரிக் அமிலம் வேறு மாதிரி: சாம்பலில் உள்ள பொற்றாசியம், கல்சியத்தைக் கழுவும், மேற்பரப்பை அவ்வளவாக மாற்றாது. உனக்கு அதுவும் உதவாது.

உன் பேரனுக்கு இப்போது நாலு மாதம் இருக்குமே. அந்தத் தண்ணீரில் அவனுக்குப் பால்மா கரைக்க விடாதே. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததே கைக்குழந்தைகளை நினைத்துத்தான். கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் பிள்ளை நீலம் பாரித்துப் போகும். உங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம், வெங்காயத்துக்குப் போடும் யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறித் தடையில்லாமல் கீழே இறங்குகிறது. அதை எடுக்க, நைத்திரேற்றைப் பிடித்து வேறு அயனை விடும் அயன் மாற்றுப் பிசினோ, நுண்சவ்வால் தண்ணீரை வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரமோதான் வேண்டும்.

இரண்டு சுத்தமான போத்தல்களில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் அனுப்பு. விடிய நானே வந்து எடுத்து, அன்றைக்கே அளந்து சொல்கிறேன்.

அன்புடன்,
பாலன்