மூணாவது நாளும் வர்றானான்னு பாரு

டேய் தம்பி,

நேத்து பேசிக்கிட்டு இருக்கும்போதே மீட்டிங்னு கட் பண்ணிட்ட, சரி எழுதியே அனுப்பிருவோம்னு உக்காந்துட்டேன், மத்தியானம் சாப்பிடும்போது படி. பாப்பா புனேக்கு உன்ன பாக்க வந்தப்ப எடுத்த போட்டோ எல்லாம் காட்டினா, ஒண்ணுல நீ சப்பாத்தி தின்னுக்கிட்டு இருக்க, பின்னாடி டிவில பிஎஸ்5 கேம் மிஷின் ஓடுது, வரிசையா கேம் படம். உன் மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன், மொதல்ல அந்த வரிசையத்தான் எண்ணினேன். ஒம்போது. "இதுல எத்தனடி முடிச்சிருக்கான்"னு கேட்டா "ஆஸ்ட்ரோ பாட் ஒண்ணுதாம்மா"ங்கிறா. மத்த எட்டும் வந்த அன்னைக்கே வாங்கினதாம், முக்காவாசி ஐயாயிரம் ரூபா கிட்ட. இப்ப இன்னும் வராத ஜிடிஏ 6 கேமுக்கு புக்கிங் ஓபன் ஆன அன்னைக்கே இருக்கிறதுலயே பெரிய எடிஷனா போடப் போறேன்னு வேற சொன்னியாம்.

திட்ட எழுதல. கேம் வாங்காதன்னு சொல்ற யோக்கியதை எனக்கு கிடையாது, கேம் ஆடுற கடை வச்சு சம்பாதிச்ச காசுலதான் உனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டினோம். ஆனா எத வாங்கணும் எத விடணும்னு உங்கப்பாவும் நானும் ஏழெட்டு வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அப்ப சின்னப் பய, உனக்கு கடைன்னா ஓசில ஆடுற எடம்.

நாலு டிவி, நாலு பிஎஸ்2, ஒரு மணி நேரம் 20 ரூபா. கல்லாவுல நான்தான். உங்கப்பா மெட்ராஸ் போயி டிஸ்க் வாங்கிட்டு வருவாரு, எல்லாம் ஒரிஜினல் இல்ல, அது உனக்கே தெரியும், இப்ப நெனச்சா கூச்சமாத்தான் இருக்கு. ஒரு டிஸ்க் 100 ரூபா. அந்த 100 ரூபாக்கு அவரு கடை முன்னாடி ரெண்டு மணி நேரம் நிப்பாராம், ஏன்னா அஞ்சு மணி நேரம் ஓடினாத்தான் டிஸ்க் காசு வரும், அதுக்கு மேல ஓடினாத்தான் கரண்டு பில்லு, வாடகை எல்லாம். நீ 100 ரூபா இல்ல, அம்பது மடங்கு குடுத்து வாங்குற, ரெண்டு நிமிஷம் கூட யோசிக்கல.

அந்த சிகப்பு அட்டை போட்ட நீள நோட்டு இன்னும் பீரோவுல இருக்கு. நேத்து எடுத்து புரட்டினேன், கரப்பான் கடிச்சது போக பாக்கி நல்லாத்தான் இருக்கு. "2ம் நம்பர் டிவி, 4.10 டு 5.10, டெக்கன் 5, 20 ரூ." இப்படியே பக்கம் பக்கமா. எந்த பய எந்த கேம் கேட்டான்னு எழுதி வைக்க ஆரம்பிச்சது நான்தான், கணக்குக்காக இல்ல, டிஸ்க் மாத்தி போட்டுட்டு சண்டைக்கு வருவானுகன்னு. ஆனா கொஞ்ச நாள்லயே அதப் பாத்துத்தான் உங்கப்பா அடுத்த லோடு வாங்கினாரு.

2007 மார்ச்சுல ஒரு பக்கம் இருக்கு. உலகக்கோப்பை நேரம், வெஸ்ட் இண்டீஸ்ல நடந்துச்சு, அப்ப ஒரு புது கிரிக்கெட் கேம் வந்துச்சு, பேரு வேண்டாம். உங்கப்பா இதுதான்டி சீசன்னு நாலு டிவிக்கும் நாலா வாங்கிட்டு வந்துட்டாரு. வெளிய சார்ட்டுல ஸ்கெட்ச் பேனாவுல எழுதி ஒட்டினதே நீதான். மொத நாள் நோட்டுல அந்த கேம் பேரு 14 தடவ. ரெண்டாவது நாள் ஆறு. மூணாவது நாள் ரெண்டு, அதுவும் ஒரே பய. அப்புறம் அந்த பேரே இல்ல. இந்தியா மொத ரவுண்டுலயே வெளிய வந்துருச்சே, அதான் பயலுகளுக்கு மனசு விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அது இல்ல, ஏன்னா பக்கத்து வரிசையில பழைய கிரிக்கெட் 07 எப்பவும் போல ஓடிக்கிட்டு இருக்கு. அதுல நம்ம டீம் ஆளுக பேரு கூட சரியா இருக்காது, கேம் பண்ணினவன் அதுக்கு லைசென்ஸ் வாங்கல, பயலுகளே உக்காந்து ஒவ்வொரு பேரா மாத்திக்கிட்டு ஆடுவானுக. பேரு மாத்துறதுக்கு அர மணி நேரம் போனாலும் அதுக்கும் சேத்து காசு குடுத்தானுக! அப்பத்தான் எனக்கு பிடிபட்டுச்சு. மொத நாள் வர்றவன் கேமுக்கு வரல, சார்ட்ட பாத்துட்டு வர்றான். ஒண்ணு மட்டும் வாங்கிப் போட்டு, மூணாவது நாள் திரும்பி வர்றானான்னு பாத்துட்டு மத்தத வாங்கியிருந்தா மூணு டிஸ்க் காசு மிஞ்சியிருக்கும்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனக்காத, கடைய மூடினாலும் யூடியூப்ல இதெல்லாம் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், சீரியல் பாக்குறதுக்கு இது தேவல.

சைபர்பங்க் 2077ங்கிற கேமுக்கு நடந்த கதை உனக்கு தெரியாததா, காலேஜ்ல இருக்கும்போது உன் ஃப்ரெண்டு ஒருத்தன் பிஎஸ்4ல வாங்கிட்டு பொலம்பினான்ல. 2020 டிசம்பர் 10 ரிலீஸ். அதுக்கு முன்னாடி வந்த ரிவ்யூ எல்லாம் பிசில, அதாவது கம்ப்யூட்டர்ல ஆடினது, ஏன்னா ரிவ்யூ பண்றவங்களுக்கு பிசி காப்பி மட்டுந்தான் குடுத்தாங்க. பாராட்டுனதும் நெசந்தான், ஆனா அது வேற மிஷினப் பத்தின பாராட்டு. பிஎஸ்4ல ஆளு மூஞ்சி வர்றதுக்கு முன்னாடி கேம் நின்னுரும். ஒரு வாரத்துல பிஎஸ்4 பண்ற சோனியே அவன் ஸ்டோர்லேர்ந்து தூக்கிட்டான், திரும்ப வந்தது 2021 ஜூன்ல. அப்புறம் 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட் வந்த பிறகு அதே கேம எல்லாரும் ஆகா ஓகோங்கிறான். அதாவது மொத நாள் முழுக் காசு குடுத்தவனுக்கு அரவேக்காடு, மூணு வருஷம் பொறுத்தவனுக்கு பாதி வெலயில முழுச் சாப்பாடு. அதனால ரிவ்யூ பாக்குறப்ப எத்தன மார்க்குன்னு மட்டும் பாக்காத, உன்கிட்ட இருக்கிற மிஷின்ல ஆடித்தான் சொல்றானான்னு பாரு.

மார்க்குன்னதும் ஞாபகம் வருது. அந்த ஒம்போதுல எல்டன் ரிங் இருக்கு, நூத்துக்கு 96 வாங்கின கேம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா டேய், அது கேமுக்கு போட்ட மார்க்கு, நீயும் அதுவும் ஒத்துப் போவீங்களான்னு எவன் சொன்னான்? ஒரே எடத்துல நாலு தடவ தோத்தா கன்ட்ரோலர தூக்கி எறியிற ஆளு நீ, கடையில ரெண்டு ஒடச்சிருக்க, அதுல ஒண்ண உங்கப்பாட்ட சொல்லாம நான் மறச்சேன். உன்ன தோக்கடிக்கிறதையே வேலையா வச்சிருக்க கேம ஐயாயிரம் குடுத்து வாங்குவியா?

இன்னொண்ணு, இந்த புக்கிங். டிஸ்க்கு காலத்துல முன்னாடியே சொல்லி வச்சதுக்கு அர்த்தம் இருந்துச்சு, கடையில பத்து பீஸ்தான் வரும், தீந்துரும். நீ வச்சிருக்கது டிஸ்க் போடுற வழி இல்லாத மாடல். டவுன்லோட் என்ன நியாயவெல கடை சர்க்கரையா, தீந்து போறதுக்கு? அதுலயும் சோனி ஸ்டோர்ல 14 நாள் ரீஃபண்ட்ங்கிறது டவுன்லோட் ஆரம்பிக்காத வரைக்கும்தான், கேமே பழுதா இருந்தா ஒழிய ஒரு தடவ இறங்க ஆரம்பிச்சா காசு போனது போனதுதான். கம்ப்யூட்டர் கேம் விக்கிற ஸ்டீம்ல அப்படி இல்ல, வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா திருப்பிக் குடுத்துரலாம். உன் லேப்டாப்புல ஓடுற கேம்னா அங்க வாங்கி ரெண்டு மணி நேரம் ஆடிப் பாரு. இல்லன்னா உன் பிஎஸ்5 ஸ்லிம் மாடல்னா டிஸ்க் டிரைவ் தனியா வாங்கி மாட்டலாம், கேம் டிஸ்க்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கி ஆடி முடிச்சு வித்துரலாம். உங்கப்பா பழைய டிஸ்க்க எல்லாம் அப்படித்தான் தள்ளிவிட்டாரு.

ரெண்டாயிரம் கூடக் குடுத்தா அஞ்சு நாள் முன்னாடி ஆடலாம்னு ஒரு எடிஷன் விக்கிறாங்களே, ஸ்டார்ஃபீல்டுக்கு 2023ல அப்படித்தான பண்ணாங்க, செப்டம்பர் 6 ரிலீசு, கூடக் காசு குடுத்தவனுக்கு 1ஆம் தேதியே. இது நம்மூரு ரசிகர் ஷோ மாதிரி. ரசிகர் ஷோவுக்கு கூட நான் ஒத்துக்குவேன், தியேட்டர்ல பேப்பர் கிழிச்சு எறியிறான், விசிலடிக்கிறான், அந்தக் கூட்டத்துக்குத்தான் காசு. நீ ரூம்ல கதவ சாத்திக்கிட்டு தனியா விசிலடிச்சா ஹவுஸ் ஓனர்தான் வருவாரு. நாலு ஃப்ரெண்டு சேந்து ஹெல்டைவர்ஸ் 2 மாதிரி ஒண்ண அன்னைக்கே ஆரம்பிக்கிறீங்கன்னா அது வேற, எல்லாரும் ஆடும்போது ஆடினாத்தான் ருசி, வாங்கு.

ஆனா ஆன்லைன் மட்டும்ங்கிற கேம்னா ஒண்ணுக்கு ரெண்டு தடவ யோசி. கான்கார்டுனு ஒண்ணு, 2024 ஆகஸ்ட் 23 வந்துச்சு, செப்டம்பர் 6 மூடிட்டான், ரெண்டே வாரம். அதுக்காவது காசத் திருப்பிக் குடுத்தாங்க. தி க்ரூன்னு கார் கேம், 2014ல வந்தது, 2024 மார்ச் 31 சர்வர நிறுத்தினதோட காசு குடுத்து வாங்கினவன் கையிலயும் ஒண்ணுமில்ல, தனியாக்கூட ஓட்ட முடியாது. நம்ம பீரோவுல இருக்கிற டெக்கன் 5 போன பொங்கலுக்கு கூட ஓடுச்சுடா, பாப்பா உங்கப்பாவ மூணு தடவ தோக்கடிச்சா.

எல்லாத்தையும் லேட்டா வாங்குன்னும் சொல்ல வரல. போன வருஷம் செப்டம்பர் 4 சில்க்சாங் வந்தப்ப ரிவ்யூ பண்றவங்களுக்கே முன்னாடி குடுக்கல, ஆனா வெல 20 டாலர், முந்தின கேம் எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், ஆன்லைன் ஸ்டோரே திணறிப் போற அளவுக்கு கூட்டம். அந்த மாதிரி சின்ன டீம், சின்ன வெல, முன்னாடி நல்லா பண்ணினவங்கன்னா மொத நாள் வாங்கினாலும் கையக் கடிக்காது. (நீ வாங்காத. அதுவும் சாகடிக்கிற கேம்தான்.)

இப்ப ஜிடிஏ. மொதல்ல 2025ல வரும்னான், அப்புறம் 2026 மே 26னான், இப்போதைக்கு நவம்பர் 19னு சொல்லியிருக்கான். இதுக்கு மட்டும் நான் குறுக்க நிக்க மாட்டேன், ஏன்னு கேளு. நோட்டுல உன் பேருக்கு காசு எழுத மாட்டேன், ஒரு பெருக்கல் குறி போட்டு வைப்பேன். எண்ணிப் பாத்தேன், பாதிக்கு மேல சான் ஆண்ட்ரியாஸ், அதுவும் பழைய ஜிடிஏ கேம்தான. அந்த வயசுல உன்ன அத ஆட விட்டிருக்கக் கூடாது, அது வேற விஷயம், உங்கப்பாவுக்கும் எனக்கும் இன்னும் அதுல சண்ட இருக்கு. ஆனா நீ மிஷன் ஆடவே மாட்ட, யாரையும் சுடவும் மாட்ட, சைக்கிள எடுத்துக்கிட்டு அந்த மலை உச்சிக்கு ஏறுவ, அங்கேர்ந்து குதிப்ப, திரும்ப ஏறுவ. மூணாவது நாள் என்ன, மூணாவது வருஷமும் அதையேதான் பண்ணின. அதனால வாங்கு, சாதா எடிஷன் போதும், பெரிய எடிஷன்னு கேமுக்குள்ள குடுக்கிற சட்டையும் துப்பாக்கி கலரும் உனக்கு எதுக்கு. அது வர்ற வரைக்கும் உன்கிட்ட இருக்கிற கோஸ்ட் ஆஃப் யோட்டேவத் தொடு, குதிரைய எடுத்துக்கிட்டு காத்து அடிக்கிற பக்கமா போய்க்கிட்டே இருக்கலாமாம், உனக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு, அத ஏன்டா ரெண்டு மணி நேரத்துல விட்ட?

புதுசா ஒண்ணு வாங்கியே ஆகணும்னா ஸ்ப்ளிட் ஃபிக்‌ஷன் வாங்கு. போன வருஷம் மார்ச்சுல வந்தது, ரெண்டு பேரு சேந்துதான் ஆட முடியும், ஆனா ஒருத்தர் வாங்கினா போதும், இன்னொருத்தர் ஃப்ரெண்ட்ஸ் பாஸ்னு ஓசில இறக்கிக்கலாம், நீ பிஎஸ்5லயும் பாப்பா அவ லேப்டாப்புலயும் ஆடலாம். அவ ஞாயித்துக்கிழம எல்லாம் சும்மாதான் இருக்கா. உன்கூட பேசணும்னு வாயத் தொறந்து கேக்க மாட்டா, நீயும் கேக்க மாட்ட.

அப்புறம், பீரோவ ஒதுங்க வைக்கும்போது உன் பேரு ஸ்டிக்கர் ஒட்டின 8 எம்பி மெமரி கார்டு கெடச்சுச்சு. உங்கப்பா அவரு கிரிக்கெட் 07ல ஏதோ டோர்னமெண்ட் ஆரம்பிச்சிருக்காரு, சேவ் பண்ண எடம் பத்தலங்கிறாரு. உன் சான் ஆண்ட்ரியாஸ் சேவ் நாலு இருக்கு அதுல. ஒண்ணையாவது அழிக்கலாமா, எது வேணும்னு சொல்லு. அவரு இன்னைக்கு ராத்திரிக்குள்ள கேட்டு சொல்லச் சொன்னாரு.

அம்மா